தேங்காய்ச்சோற்றில் தேங்காயை எங்கே குறைப்பது?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். வீட்டில் வாப்பா, உம்மா, நான், என் இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை (என் கணவர்) துபாயில். வாப்பாவுக்கு 63 வயது. போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கெட்ட கொழுப்பு 168, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.8. எண்ணெய், தேங்காய், சோறு எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வியாழக்கிழமை இரவென்றால் எங்கள் வீட்டில் தேங்காய்ச்சோறு, கறி ஆணம் (குழம்பு), தால்ச்சா (பருப்பும் காயும் போட்ட குழம்பு). அதை மட்டும் விட வாப்பாவுக்கு மனசில்லை. அரை கிலோ பச்சரிசிக்கு ஒரு முழுத் தேங்காய், ஆணத்துக்கும் தால்ச்சாவுக்கும் சேர்த்து இன்னொரு அரை மூடி (பாதித் தேங்காய்) அரைத்து விடுவது, முக்கால் கிலோ ஆட்டுக்கறி, 100 மில்லி கடலை எண்ணெய், 2 மேசைக்கரண்டி நெய் என்பது உம்மாவின் அளவு. நான் தேங்காயையும் எண்ணெயையும் எல்லாவற்றிலும் பாதியாக்கி, குறைந்ததற்குத் தண்ணீர் விட்டு ஆக்கினேன். சோறு குழைந்துவிட்டது. ஆணம் திரிந்து தண்ணியாய் நின்றது, காரம் வேறு தூக்கல். பிள்ளைகள் 'ஆஸ்பத்திரிச் சோறு' என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். 'ஆக்கினா ஒழுங்கா ஆக்கு, இல்லாட்டி கஞ்சி காய்ச்சிக் குடு' என்கிறார் உம்மா. ருசி கெடாமல் குறைக்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் பாதி என்ற கணக்கு இந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துவராது. உங்கள் தட்டில் தேங்காய் மூன்று இடத்தில் வருகிறது. சோற்றில் அது வாசனைக்கு. அதை எடுத்தால் அது தேங்காய்ச்சோறே இல்லை. ஆணத்தில் அதற்கு வேலை வேறு: குழம்பைக் கெட்டியாக்குவது, காரத்தைத் தணிப்பது. இந்த இரண்டு வேலையையும் வேறு பொருளை வைத்து வாங்கிக்கொள்ளலாம். தால்ச்சாவில் பருப்பே கெட்டி கொடுத்துவிடும், தேங்காய் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஆகவே சோற்றில் மட்டும் தேங்காயை வையுங்கள். ஆணத்திலும் தால்ச்சாவிலும் முழுதாக எடுத்துவிடுங்கள். மூன்றிலும் அரைகுறையாக இருந்தால் மூன்றுமே வாயில் நிற்காது, உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு நடுத்தரத் தேங்காயில் துருவல் சுமார் 300 கிராம் தேறும். அதில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அந்தக் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுவதில் நிறைகொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. பாலாகப் பிழியும்போது கொழுப்பில் கொஞ்சம் சக்கையோடு போய்விடும், மூன்றில் இரண்டு பங்கு பாலில் இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அரைத்து விட்டால் அத்தனையும் சட்டிக்குள்தான். உங்கள் உம்மாவின் அளவுப்படி தேங்காய், எண்ணெய், நெய் மூன்றிலிருந்தும் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 46 கிராம் கொழுப்பு வருகிறது. அதில் நிறைகொழுப்பு மட்டும் 27 கிராம். ஒரு நாளைய மொத்த ஆற்றலில் நிறைகொழுப்பு பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். கறிக் கொழுப்பைச் சேர்க்காமலே, ஒரே வேளையில், ஒரு நாள் வரம்பு தாண்டிவிடுகிறது. கீழே சொல்கிற அளவில் ஆக்கினால் ஆளுக்குச் சுமார் 14 கிராம் கொழுப்பு, அதில் நிறைகொழுப்பு 8 கிராம். கொழுப்பில் மட்டும் ஒருவருக்கு 290 கலோரி போலக் குறையும்.

இனி, போன முறை என்ன ஆனது என்று பார்க்கலாம். தேங்காயை முதலில் பிழிந்தெடுக்கிற கெட்டிப்பால் ஒரு டம்ளர் என்றால் அது முழுக்கத் தண்ணீர் இல்லை. கால் பங்குக்குக் குறையாமல் கொழுப்பும் சத்தும்தான். அதற்குப் பதிலாக ஒரு டம்ளர் தண்ணீரையே விட்டால் அரிசிக்குப் போகிற தண்ணீர் கூடிவிடுகிறது. போதாததற்கு, பருக்கையின் மேல் படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் காத்துக்கொண்டிருந்த கொழுப்பும் இல்லை. சோறு குழையாமல் என்ன செய்யும்? கெட்டிப்பாலைக் குறைக்கும்போது ஒரு டம்ளருக்கு முக்கால் டம்ளர் தண்ணீர்தான் ஈடு.

ஆணம் திரிந்ததற்குக் காரணம் தக்காளிப் புளிப்பும் கொதியும். தேங்காயில் உள்ள புரதம்தான் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. விழுது கெட்டியாக இருக்கும்போது அதற்குப் பிடிமானம் உண்டு. நீர்த்துப்போன பிறகு தளதளவென்று கொதிக்கவிட்டால் புரதம் சுருண்டு, தண்ணீர் தனி, திப்பி தனி என்று நின்றுவிடும். காரத்துக்கு வருவோம். மிளகாயின் காரம் கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையாது. கொழுப்பைப் பாதியாக்கிவிட்டு மிளகாய்த்தூளை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் காரம் நாக்கை நேரே பிடிக்கும். அதுவும் நம் பக்கத்து முண்டு மிளகாய்க்குக் கேட்க வேண்டுமா! 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, காரத்துக்குப் பஞ்சமே இல்லை. கொழுப்பு குறைந்த குழம்பில் தூளைக் கால் பங்கு குறைத்துத்தான் போட வேண்டும்.

வேலையைக் கறியிலிருந்து ஆரம்பியுங்கள், அதுவும் காலையிலேயே. ஐந்து பேருக்கு எலும்போடு 600 கிராம் போதும். கடையில் தொடையும் முன்னங்காலும் கேளுங்கள். நெஞ்செலும்பும் விலாவும் கொழுப்பு மிகுந்த இடம். எடைக்கு மேல் ஒரு கொழுப்புத் துண்டை அன்பாகப் போட்டுக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைக் கொழுப்பைக் கத்தியால் வழித்துவிட்டு, இஞ்சி பூண்டு விழுது 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, தண்ணீர் 750 மில்லி சேர்த்துக் குக்கரில் வையுங்கள். இளங்கறிக்கு 4 விசில், முற்றலுக்கு 6 அல்லது 7.

வெந்ததும் துண்டுகளைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிட்டு, சாற்றை மட்டும் அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 மணி நேரத்தில் சாற்றின் மேலே வெள்ளையாக ஓர் ஏடு கட்டியிருக்கும். அதுதான் ஆட்டுக் கொழுப்பு. கரண்டி விளிம்பால் நெம்பினால் பாளம் பாளமாக வந்துவிடும். அதற்குக் கீழே அல்வா பதத்தில் ஆடிக்கொண்டிருப்பதையும் கொழுப்பென்று நினைத்துச் சிலர் கொட்டிவிடுகிறார்கள். அது எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் இறங்கிய பசை. சூடேறினால் கரைந்துவிடும், தேங்காய் இல்லாத ஆணத்துக்குக் கெட்டியைக் கொடுப்பதே அதுதான். ஒரு சொட்டுக்கூட வீணாக்காதீர்கள். மாலையில்தான் கறி வந்தது, ஆறவைக்க நேரமில்லை என்றால் சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் ஐஸ் கட்டியைப் போட்டு, அதன் அடிப்பக்கம் சாற்றின் மேல்பரப்பைத் தொடுகிற மாதிரி மெல்ல நகர்த்துங்கள். கொழுப்பு கிண்ணத்தின் அடியில் ஒட்டும். துடைத்துவிட்டு மறுபடி நகர்த்துங்கள். முழுதாக வராது, பெரும்பகுதி வந்துவிடும்.

ஆணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். ஆனால் அந்த ஒரு கரண்டி கட்டாயம் வேண்டும். பட்டை, கிராம்பு, சோம்பின் வாசனையெல்லாம் கொழுப்பில்தான் இறங்கும். எண்ணெயே இல்லாமல் ஆக்கினால் குழம்பு பச்சை மசாலா நாறும். அடிகனமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டுப் பட்டை, 2 கிராம்பு, 1 ஏலக்காய், அரைத் தேக்கரண்டி சோம்பு. அடுத்து 200 கிராம் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கால் தேக்கரண்டி உப்புத் தூவி, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். உப்புப் பட்டதும் வெங்காயம் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். மூடாமல் வதக்கினால் எண்ணெய் போதாமல் கருகும். கருகுகிறதே என்று இன்னொரு கரண்டி எண்ணெய் விடுவோம், குறைத்தது எல்லாம் அங்கே திரும்பி வந்துவிடும். மூடியைத் திறந்து, ஈரம் வற்றிப் பொன்னிறம் ஏறும்வரை மேலும் 4 நிமிடம் கிளறுங்கள். நறுக்கிய தக்காளி 2 சேர்த்துக் கரையவிடுங்கள்.

இப்போது தூள்கள். மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி (முன்பு 2 போட்டிருந்தால்), சீரகத்தூள் அரை, மிளகுத்தூள் அரை. தீயை அடக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து, 40 விநாடி கிளறினால் போதும். மல்லி வறுத்து அரைத்ததாக இருந்தால் குழம்பு தானே தடிக்கும். வதக்கியதில் பாதியை எடுத்து ஆறவைத்து, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையோடு வழுவழுவென்று அரைத்து மறுபடி சட்டியில் சேருங்கள். கொழுப்பெடுத்த சாறு 500 மில்லி, கறித்துண்டுகள், கறிவேப்பிலை. மூடாமல் மெல்லிய தீயில் 15 நிமிடம். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கிற பதம் வந்தால் இறக்கலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். கறியிலும் வெங்காயத்திலும் ஏற்கெனவே போட்டாயிற்று. சப்பென்று தோன்றினால் உப்பை ஏற்றுவதற்கு முன் அரை மூடி எலுமிச்சை பிழிந்து பாருங்கள். கொழுப்பு குறைந்த குழம்பில் குறைவதாகத் தெரிவது பெரும்பாலும் புளிப்புதான்.

பொட்டுக்கடலைக்குப் பதில் முந்திரி அரைத்து விடலாமே என்று யாராவது சொல்வார்கள். முந்திரியில் 100 கிராமுக்கு 45 கிராம் போலக் கொழுப்பு, பச்சைத் தேங்காயைவிட அதிகம். நிறைகொழுப்பு குறைவு என்பது சரி, ஆனால் கலோரி குறையாது. கசகசாவும் எண்ணெய் வித்துதான். (மசாலாப் பொடி கட்டி மாப்பிள்ளைக்கு அனுப்புகிறவர்கள் அதில் கசகசா போடவே கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்.)

இந்த ஆணம் பழைய நிறத்தில் இருக்காது, கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும். பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தே முகம் சுளிப்பார்கள் என்றால், அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து 2 மேசைக்கரண்டி கெட்டிப்பாலை மேலே விட்டுக் கலக்குங்கள். கொதி அடங்கியிருப்பதால் திரியாது. ஆனால் அந்த இரண்டு கரண்டியும் சோற்றுக்கு வைத்த பாலிலிருந்து வர வேண்டும், இதற்கென்று புதிதாகப் பிழியக்கூடாது.

சோற்றுக்கு 400 கிராம் பச்சரிசி. 250 மில்லி கப்பில் 2 கப் வரும். ஆளுக்கு 100 கிராம் இருந்தது இப்போது 80 ஆகிறது. அரை மூடித் தேங்காயைத் துருவி, அரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, அரை கப் கெட்டிப்பாலைத் தனியாக வையுங்கள். சூடு இல்லாத தண்ணீரில் அரைத்தால் கொழுப்பு இறங்காது. இருக்கிற கொஞ்சம் தேங்காயில் சக்கைக்குப் பங்கு கொடுக்க நமக்கு வசதியில்லை. அதே சக்கையை மேலும் இரண்டு முறை தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து 3 கப் எடுங்கள். சக்கை கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால் விட்ட தண்ணீரைக் கணக்கு வைக்காமல் பிழிந்து வந்த பாலை அளந்து, குறைந்தால் தண்ணீர் சேர்த்து 3 கப் ஆக்குங்கள்.

அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, வடிதட்டில் 5 நிமிடம் வடியவிடுங்கள். கழுவுவதில் சோம்பல்படாதீர்கள், மேலே ஒட்டியிருக்கிற மாவுதான் பருக்கைகளை ஒட்டவைக்கும், அதைத் தடுக்கப் பழைய அளவு கொழுப்பு இப்போது இல்லை. அரை மணிக்கு மேல் ஊறினால் கிளறும்போது உடையும்.

சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு துண்டுப் பட்டை, 3 கிராம்பு, 2 ஏலக்காய், அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் சிவந்தால் போதும், கருத்தால் சோறு முழுக்கக் கசக்கும். சின்ன வெங்காயம் 10 நறுக்கியது, முழுப் பூண்டுப் பல் 8, கையளவு நீளத்துக்கு ரம்பை (பாண்டான்) இலை, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி. தேங்காய் குறைந்த இடத்தை நிரப்புவது இந்த ரம்பை இலையும் பூண்டும்தான், ஆகவே இவற்றில் கை இழுக்காதீர்கள். 3 கப் தண்ணிப்பாலையும் ஒன்றேகால் தேக்கரண்டி உப்பையும் சேர்த்துக் கொதி வந்ததும் அரிசியைப் போடுங்கள். நடுத்தரத் தீயில், மூடாமல், தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு இறங்கி, மேலே சிறு சிறு குழிகள் தெரியும்வரை 8 நிமிடம் ஆகும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எடுத்து வைத்த அரை கப் கெட்டிப்பாலை இப்போது மேலே பரவலாக ஊற்றுங்கள். கிளறாதீர்கள். கரண்டிக் காம்பால் ஐந்தாறு இடத்தில் அடிவரை குத்திவிட்டால் பால் தானே இறங்கும். சட்டிக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, தீயை முடிந்தவரை குறைத்து, மூடியின் மேல் கனம் வைத்து 12 நிமிடம். அணைத்தபின் 10 நிமிடம் திறக்கவே வேண்டாம். பிறகு ஒரு தேக்கரண்டி நெய்யை மேலே தூவி, கரண்டியின் ஓரத்தால் பக்கவாட்டிலிருந்து கிளறி எடுங்கள்.

கெட்டிப்பாலை ஏன் கடைசியில் விட வேண்டும்? ஆரம்பத்திலேயே விட்டால் அதன் புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து பிடிக்கும், பால் திரியும், கொதிக்கக் கொதிக்க வாசனை ஆவியோடு போய்விடும். கடைசிப் பன்னிரண்டு நிமிடம் மட்டும் சூடு பட்டால் வாசனை சோற்றிலேயே தங்கும். ஒரு முழுத் தேங்காயை முதலிலேயே கொட்டி ஆக்கிய சோற்றுக்குச் சற்றும் குறையாத வாசனை அரை மூடியில் கிடைப்பது இதனால்தான். நெய்க்கும் இதே கணக்கு. தாளிக்கும்போது விட்ட 2 மேசைக்கரண்டியைவிட இறக்கியபின் விட்ட ஒரு தேக்கரண்டி மூக்குக்கு நன்றாகத் தெரியும்.

குக்கரில்தான் ஆக்குவீர்கள் என்றால் தண்ணிப்பால் இரண்டரை கப் போதும். ஒரு விசில் வந்ததும் அணைத்து, ஆவி தானாக அடங்கியபின் திறந்து, கெட்டிப்பாலை ஊற்றி, வெயிட் போடாமல் மூடி மிக மெல்லிய தீயில் 5 நிமிடம். சீரகச்சம்பா என்றால் சட்டி முறையிலும் கால் கப் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்குச் சிவப்பரிசி நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் மாவட்டத்தின் சித்திரைக்கார் அரிசியில் தேங்காய்ச்சோறு நன்றாகவே வரும். தவிட்டோடு இருந்தால் நார்ச்சத்தும் கூடுதல். ஆனால் மாவுச்சத்தில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சிவப்பு என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டால் பலன் போயிற்று. ஆக்குவதானால் இரவே ஊறப்போடுங்கள். ஒரு கப் அரிசிக்கு மொத்தம் 3 கப் தண்ணிப்பாலும் தண்ணீருமாக வைத்துக் குக்கரில் வேகவைத்து, கெட்டிப்பாலை அதேபோல் கடைசியில் விடுங்கள். வெள்ளை அரிசியோடு ஒரே சட்டியில் கலந்து வைக்காதீர்கள். ஒன்று குழையும், ஒன்று கடிபடும்.

தால்ச்சாவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துவரம்பருப்பு 100 கிராம், கத்தரிக்காய் 4, முருங்கைக்காய் 1, மாங்காய் பாதி, மீதமிருக்கிற கொழுப்பெடுத்த சாறு ஒரு கப், தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய். தேங்காய் வேண்டாம். பருப்பை நன்றாக மசித்தால் போதும். மாங்காயைக் கடைசியில் போடுங்கள். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பருப்பு வேகாது.

அப்பளத்துக்கும் பொரித்த வற்றலுக்கும் பதில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் போட்ட தயிர் வையுங்கள். மாசிச் சம்பல், கருவாடு இருந்தால் அன்றைக்கு ஆணத்தில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிதான் கணக்கு.

வாப்பாவின் பங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்கு 50 கிராம் அரிசிக்கு உரிய சோறு போதும். ஆக்கியபின் அது சுமார் 150 கிராம், 200 மில்லி டம்ளரில் அழுத்தாமல் ஒரு டம்ளர். சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், எல்லோரும் சேர்ந்து உட்காருகிற வழக்கம் என்றால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது யாருக்குமே தெரியாது. அவர் பங்கைத் தனித் தட்டில் முதலிலேயே அளந்து வைத்து, கூடவே இரண்டு கரண்டி காய்கறியும் கறித்துண்டு மூன்றும் வைத்துவிடுங்கள். தால்ச்சாவைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், பருப்பிலும் மாவுச்சத்து இருக்கிறது. இஷா (இரவுத் தொழுகை) முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதைவிட, மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) இஷாவுக்கும் நடுவே சாப்பிட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்து போய் வருவது சர்க்கரைக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. அவர் இன்சுலின் போடுகிறவராகவோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவராகவோ இருந்தால் சோற்றைச் சட்டென்று பாதியாக்கும்போது இரவில் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல் அதன் அடையாளங்கள். அளவைக் குறைக்கப் போவதை டாக்டரிடம் முன்பே சொல்லி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். முதல் இரண்டு வியாழனும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே சர்க்கரை பார்த்து எழுதி வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். கொழுப்புக்கு மாத்திரை எழுதியிருந்தால், சாப்பாட்டைத் திருத்தியாயிற்று என்று அதை விடுவதும் தவறு. 168 என்பது வாரத்தில் ஒரு வேளையை மாற்றினால் இறங்குகிற எண் இல்லை. மற்ற ஆறு நாள் எண்ணெயையும் தேங்காயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆறு நாளைக்குக் கடல் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு வழி எளிது. ஆட்டுக்கறி இடத்தில் மீன் வரட்டும். நகரை, விளைமீன், பாறையில் கொழுப்பு குறைவு; சாளையிலும் சூடையிலும் இருக்கிற கொழுப்பு இதயத்துக்கு வேண்டிய வகை, விலையும் மலிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத நாளிலும் நாட்டுப்படகு மீன் கரைக்கு வரும். மீன் ஆணத்தைத் தேங்காய் அரைக்காமல் புளியிலும் தக்காளியிலும் வையுங்கள். அன்றைக்குச் சோறு வெறும் சோறாக இருக்கட்டும். மீன் பொரிப்பதைத் தோசைக்கல்லுக்கு மாற்றுங்கள்: அரை கிலோவுக்கு 2 தேக்கரண்டி எண்ணெய், மசாலாவில் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. கல்லில் ஒட்டுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மீனின் ஈரத்தைத் துடைக்காததும், கல் காயுமுன் போடுவதும், அவசரப்பட்டுத் திருப்புவதும்தான் காரணம். ஓரம் தானாகக் கழன்று வரும்வரை, மெல்லிய துண்டுக்கு 4 நிமிடம் ஆகும், கை வைக்காமல் விடுங்கள்.

தொதல், வட்டிலப்பம் ஆகிய இனிப்புகளை இப்படிக் குறைத்துச் செய்து பார்க்க வேண்டாம். அவற்றிலிருந்து தேங்காய்ப்பாலையும் இனிப்பையும் எடுத்தால் மிச்சம் எதுவும் இல்லை. பெருநாளுக்கு முறைப்படி செய்து வாப்பாவுக்கு இரண்டு விரல் அகலத் துண்டு கொடுங்கள், அன்றைக்கு அவர் சோறு அரை டம்ளர். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்புகிறவர்கள் இந்தக் கரையில் நிறைய. கருப்பட்டியும் சீனியைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

தேங்காய்ப்பால் விட்ட சோறு நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெடும். இரவு மிஞ்சினால் அடுப்படியிலேயே மூடி வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். ஆக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலையில் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.